கால் அறிந்த பாதை, கண் கண்ட பாதை: புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் ஏழு ஞாயிறுகள்

பதினொரு குழந்தைகள்; எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை. ஏழு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். பெர்ஸ்பெக்டிவ் என்று ஓவிய ஆசிரியர்கள் சொல்லும் தொலைவுத் தோற்றத்தை, தோட்டத்துப் பாதை ஒன்றை வைத்துக்கொண்டே கற்றுத்தர முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

நான் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் பாதிக் காலம் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்து, ஸ்கேலால் நான்கு கோடு இழுத்து, பத்து நிமிடத்தில் முடித்திருக்கிறேன். பிள்ளைகளும் அப்படியே வரைந்து முடித்துவிடுவார்கள். அடுத்த வாரம் ஒரு மேசையை வரையச் சொன்னால் நான்கு கால்களும் நான்கு திசையில் விரிந்து கிடக்கும். அந்த அலுப்பில் தொடங்கியதுதான் இந்தப் பூங்கா வகுப்பு.

புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826இல் பிரெஞ்சு ஆட்சியில் அமைந்தது. பிரெஞ்சுத் தோட்டக்கலையின் குணம் அதன் அமைப்பில் இன்றும் தெரிகிறது. ஆங்கிலேயர் பாணித் தோட்டம் வளைந்து நெளிந்து, மறைத்து மறைத்துக் காட்டும். பிரெஞ்சுத் தோட்டம் வாசலில் நிற்கும்போதே கடைசிவரை காட்டிவிடும். 17ஆம் நூற்றாண்டில் வோ-லெ-விகோம்த் மாளிகைத் தோட்டத்தை அமைத்த ஆந்த்ரே லெ நோத்ர், தொலைவிலுள்ள நீர்நிலைகளை அருகில் உள்ளவற்றைவிடப் பெரிதாக வெட்டினார். தொலைவு சுருங்கித் தெரியும் என்பதால் அந்தச் சுருக்கத்தை மண்வெட்டியாலேயே ஈடுகட்டிய மனிதர் அவர். நமக்கு அவ்வளவு தந்திரம் வேண்டாம். இருபுறமும் ஓரம் கட்டிய ஒரு நேர்ப்பாதையும், பக்கத்தில் மரங்களும் இருந்தால் போதும்.

முதல் ஞாயிறு

எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதையின் தொடக்கத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, "இந்தப் பாதையை வரையுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அரை மணி நேரம் கொடுத்தேன்.

ஏழு தாள்களில் பாதை கீழிருந்து மேலே ஒரே அகலத்தில் ஏறியது, ரிப்பனைத் தொங்கவிட்டது போல. அவற்றில் நான்கில் மரங்கள் படுத்திருந்தன. இடப்பக்க மரங்கள் இடப்புறமாக, வலப்பக்க மரங்கள் வலப்புறமாக. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த மறுநாள் எங்கள் ஊர் கிடந்த கோலம் நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் வானத்திலிருந்து பார்ப்பது போல வரைபடமே போட்டுவிட்டார்கள். அதில் ஒருவன் வாசலுக்கு வெளியே இருக்கும் சுண்டல் வண்டியையும் விட்டுவைக்கவில்லை. மீதி இருவர் உச்சியில் ஒரு புள்ளி வைத்து முக்கோணம் போட்டிருந்தார்கள். இருவரும் ஓவியப் போட்டிகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள். ஏழு வாரங்களில் எனக்கு அதிக வேலை வைத்தவர்களும் அவர்கள்தான்.

படுத்த மரங்களைப் பார்த்துப் பெற்றோர் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதையில் நடக்கும் பிள்ளை இடப்பக்கம் திரும்பினால் மரம் நேராக நிற்கிறது. வலப்பக்கம் திரும்பினாலும் நேராகத்தான் நிற்கிறது. அந்தப் பிள்ளை தாளையும் அப்படியே திருப்பித் திருப்பி வரைகிறது. உடம்பு உட்கார்ந்திருந்தாலும் மனம் பாதையில் நடந்துகொண்டிருக்கிறது.

ரிப்பன் பாதை வரைந்த எட்டு வயதுப் பெண் குழந்தையிடம், "அந்தக் கோடியில் பாதை சின்னதாகத் தெரியவில்லையா, பாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். வரும்போது அதில்தானே நடந்து வந்தேன்? அங்கேயும் இதே அகலம்தான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவள் சொன்னது உண்மை. பாதை சுருங்குகிறது என்று நான் சொல்வதுதான் பொய். ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்த ஒருவருக்கு மட்டும் செல்லுபடியாகும் பொய்.

பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இலேயே இதை எழுதிவிட்டார்: சிறு குழந்தை கண்ணில் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. 1972இல் ஃப்ரீமன், ஜனிகூன் என்ற இரு ஆய்வாளர்கள் கைப்பிடி மறைந்திருக்கும்படி ஒரு கோப்பையைத் திருப்பி வைத்து வரையச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் கண்ணில் படாத கைப்பிடியையும் சேர்த்தே வரைந்தார்கள். எட்டு வயதை ஒட்டித்தான் அது மாறியது. கைப்பிடி இல்லாமல் அது என்ன கோப்பை என்பது அவர்கள் நியாயம். பெரியவர்களும் அப்படி வரைந்தவர்கள்தாம். தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணன் பெரிதாகவும் பக்கத்தில் நிற்பவர்கள் சிறிதாகவும் இருப்பது தொலைவால் அல்ல, மதிப்பால். பாட்டியை மரத்தைவிட உயரமாக வரையும் பேத்தியின் கணக்கும் அதுவே.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் வரையும் இயற்கைக் காட்சி ஒன்று உண்டு. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, மலையிடுக்கிலிருந்து இறங்கி வரும் ஆறு. அந்த ஆறு மேலே நூல் போலத் தொடங்கிக் கீழே தாளின் பாதியை அடைத்துக்கொள்ளும். பாதையை ஒரே அகலத்தில் வரைந்த பிள்ளைதான் ஆற்றை அப்படி வரைகிறது! ஒருவனிடம் காரணம் கேட்டேன். "மலையில் ஆறு குட்டியாக இருக்கும் சார். வர வரப் பெரிதாகிவிடும்" என்றான். புவியியல் பாடத்தில் அவனுக்கு முழு மதிப்பெண் போடலாம்.

இரண்டாம் ஞாயிறு, அல்லது என் பழைய புத்தி

இவ்வளவு தெரிந்தும் அடுத்த வாரம் ஸ்கேலை எடுத்துவிட்டேன். ஏழு வாரம் போதுமா என்ற பதற்றம். தாளின் நடுவில் குறுக்கே ஒரு கோடு, கோட்டின் நடுவில், பாதையின் ஓரங்கள் கூடுவதாகக் கொள்ளும் மறையும் புள்ளி, புள்ளியிலிருந்து கீழ் மூலைகளுக்கு இரண்டு கோடுகள். "இதுதான் பாதை. இப்போது மரம் போடுங்கள்."

போட்டார்கள். மரங்களின் தண்டுகளும் புள்ளியை நோக்கிச் சாய்ந்தன. எல்லாமே புள்ளிக்குப் போக வேண்டும் என்றுதானே சொல்லியிருந்தேன். ஒரு பெண் பாதையில் செங்கல் வரிசை போட்டாள். எல்லா வரிசையும் ஒரே உயரத்தில். கூட்டிப்போக வந்த அவள் அம்மா தாளை வாங்கிப் பார்த்து, "அழகாக இருக்கிறதே, எந்தக் கோயில் கோபுரம் கண்ணு இது?" என்று கேட்டார்.

வரைந்தவள் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த அம்மாவின் கண் சரியாகத்தான் பார்த்தது. முக்கோணம் தானாகத் தரையில் படுப்பதில்லை. வரிசைகள் நெருங்கி, பக்கத்துப் பொருள்கள் துணை செய்தால்தான் படுக்கும். இல்லாவிட்டால் எழுந்து கோபுரமாக நிற்கும்.

"அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது?" என்று எல்லோரையும் கேட்டேன். பதினொரு பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: "பேப்பரில்." பூங்காவைக் கை காட்டிய ஆள் ஒருவரும் இல்லை.

கயிறு

மூன்றாம் ஞாயிறு ஸ்கேலும் தாளும் வீட்டிலேயே இருந்தன. கொடிக்கயிறு ஒன்றை எடுத்துப்போனேன். பாதையின் அகலத்துக்குச் சரியாக வெட்டினோம், ஏறக்குறைய 2.4 மீட்டர் வந்தது. இரண்டு பிள்ளைகள் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு பாதையின் ஓரங்களில் நடக்க வேண்டும். மற்றவர்கள் தொடக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கையை முழுதாக நீட்டிப் பென்சிலால் கயிற்றை அளக்க வேண்டும். கயிறு பிடிப்பவர்களும் அளப்பவர்களும் மாறி மாறி வந்தார்கள்.

முதலில் இருபது காலடி. பென்சிலில் சுமார் 12 செ.மீ. நாற்பது காலடியில் 6. எண்பதில் 3. பிள்ளைக்குப் பிள்ளை கையின் நீளம் வேறு என்பதால் அரை செ.மீ., ஒரு செ.மீ. முன்பின் வந்தது. ஆனால் தொலைவு இரண்டு மடங்கானால் அளவு பாதியாகிறது என்பதை நான் வாய் திறக்கும் முன் அவர்களே கூவிவிட்டார்கள். ஒருவன் பத்துக் காலடியிலும் அளக்க முயன்று, "பென்சில் பத்தவில்லை சார்" என்றான்.

கயிறு மட்டும் மாறவே இல்லை. பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அது தெரியும். வழியெல்லாம் அது விறைப்பாகவே இருந்தது. ரிப்பன் பாதை வரைந்த எட்டு வயதுக்காரி கயிற்றைப் பிடித்து நடந்துவிட்டு, திரும்பி வந்து பென்சிலால் அளந்துவிட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நடந்தால் ஒரே அகலம். உட்கார்ந்தால் சின்னது" என்றாள். எனக்கு வேண்டியது அதுதான். அவள் காலைப் பொய்யாக்காமல் கண்ணுக்கும் இடம் கொடுத்தாயிற்று.

அன்று மிச்சமிருந்த நேரத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நூற்றறுபது காலடியில் ஒன்றரை, முந்நூற்றிருபதில் முக்கால் என்று வாயாலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போனவள், "சைபர் எப்போது வரும் சார்?" என்றாள்.

வராது. எவ்வளவு தொலைவு போனாலும் பாதி, அதில் பாதி என்று மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். மறையும் புள்ளி என்று நாம் தாளில் அழுத்தி வைக்கும் இடத்துக்குப் பாதை ஒருநாளும் போய்ச் சேராது. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்: மறைந்த புள்ளி அல்ல, மறையும் புள்ளி.

கடற்கரை

பார்ப்பவரின் கண் உயரத்தில் கிடையாக ஓடுவதாகக் கொள்ளும் கண்மட்டக் கோட்டைப் பூங்காவில் காட்ட முடியாது, மரங்கள் மறைக்கும். நான்காம் ஞாயிறு விடியற்காலையில், வாகனங்கள் விடப்படாத நேரத்தில் கடற்கரைச் சாலைக்குப் போனோம். தொடுவானத்தைவிட நல்ல கண்மட்டக் கோடு கிடைக்காது. ஸ்கேலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்தால் அது கடலின் கோட்டோடு பொருந்தும். குந்தி உட்கார்ந்தாலும் பொருந்தும். சுவரின் மேல் ஏறி நின்றாலும் பொருந்தும். "கடல் நம்மோடு ஏறி இறங்குகிறது" என்றான் ஒருவன். அது எவ்வளவு தொலைவு என்று இன்னொருவன் கேட்டான். நீரின் விளிம்பில் நிற்கும் பிள்ளையின் கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இலங்கை வரை தெரிவதாக நினைத்திருந்தார்கள்.

பிறகு ஒரே உயரமுள்ள நான்கு பேரைச் சாலையில் பத்து, இருபது, நாற்பது, எண்பது காலடியில் நிறுத்தினோம். அதே உயரமுள்ள ஒருவன் நின்று பார்த்தால் நான்கு பேரின் கண்களும் கடலின் கோட்டு உயரத்திலேயே வரிசையாக இருந்தன. பாதங்கள் மட்டும் தொலைவு கூடக் கூட மேலே ஏறின. உட்கார்ந்து பார்த்தபோது அந்தக் கோடு நான்கு பேரையும் இடுப்பில் வெட்டியது. அருகில் இருப்பவனுக்கும் இடுப்பு, எண்பது காலடியில் இருப்பவனுக்கும் இடுப்பு. தூரத்தில் இருக்கும் ஆளைப் பட்டம் போல ஆகாயத்தில் பறக்கவிடும் பழக்கம் அன்றோடு போயிற்று. என் வகுப்பில் இவ்வளவு எளிதாகப் போன தவறு வேறில்லை.

கோலம்

ஐந்தாம் ஞாயிறுதான் எனக்குப் பிடித்த ஞாயிறு. பாதையின் அகலம் சுருங்குவது கயிற்றால் தெரிந்துவிட்டது. ஆனால் ஆழம்? ஒரே இடைவெளியில் நட்ட மரங்கள் போகப் போக நெருங்கித் தெரிகின்றன. எவ்வளவு நெருங்கும்?

1435இல் ஃப்ளாரன்ஸைச் சேர்ந்த அல்பெர்த்தி ஓவியக்கலை பற்றி எழுதிய நூலில் இதே சிக்கலைத் தரையில் பதித்த கற்சதுரங்களை வைத்துப் பேசுகிறார். அக்கால ஓவியர்கள் ஒவ்வொரு வரிசையையும் முந்தையதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்கிறார். சரிபார்க்க அவர் தரும் வழி எளியது: சதுரங்களின் குறுக்கே மூலைவிட்டம் இழுத்துப் பாருங்கள், அது வளையாமல் நேராகப் போனால் வரிசைகள் சரி.

நம்மிடம் கற்சதுரம் எதற்கு? வாசலில் புள்ளி வைத்தால் போயிற்று. வகுப்பு நடக்கும் வீட்டு வாசலைத் தெளித்து, ஒன்பதுக்கு ஒன்பது நேர்ப்புள்ளி வைக்கச் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அளவுகோல் இல்லாமல், கை நடுங்காமல், எண்பத்தொரு புள்ளியும் வைத்து முடித்தாள். எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து, பார்த்தபடி அந்தப் புள்ளிகளை மட்டும் வரைந்தார்கள்.

கயிற்றுப் பாடத்தின் பலனாகப் பக்கவாட்டு இடைவெளி எல்லோருக்கும் ஒழுங்காக வந்தது. முன்பின் இடைவெளியில்தான் குழப்பம். சிலர் சமமாகவே வைத்தார்கள். சிலர் கண்ணில் பட்டபடி குறைத்தார்கள். போட்டிப் பயிற்சி பெற்ற இருவரில் ஒருவன் அல்பெர்த்தி கண்டித்த அதே முறையில், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே விகிதத்தில் குறைத்தான். 600 ஆண்டுப் பழைய பிழை எங்கள் திண்ணையில் உயிரோடு உட்கார்ந்திருந்தது.

அல்பெர்த்தியின் விடையை நான் சொல்ல வேண்டி வரவில்லை. புள்ளி வைத்த பெண் தன் தாளைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், மூலைக்கு மூலை கோடு இழுத்தால் என் புள்ளியெல்லாம் விலகுகிறது. வாசலில் விலகவில்லையே." தினமும் புள்ளிக் கோலத்தில் குறுக்கே கோடு இழுத்துப் பழகிய கை அது. தரையில் நேராக இருக்கும் கோடு படத்திலும் நேராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தேற்றமாகத் தேவைப்படவில்லை. எல்லோரும் மூலைவிட்டத்தை முதலில் இழுத்துவிட்டு, அது வெட்டும் இடங்களில் வரிசைகளை வைத்தார்கள். வரிசைகள் தாமாகவே நெருங்கின. தாளில் கோலம் அப்படியே தரையில் படுத்தது.

மரங்களுக்கும் இதே வித்தை. முதல் மரத்தின் உச்சியிலிருந்து இரண்டாவது மரத்தண்டின் நடுவழியாக ஒரு கோடு இழுத்தால், அது தரைக்கோட்டைத் தொடும் இடம் மூன்றாவது மரத்தின் அடி. அதைக் கண்டுகொண்ட உற்சாகத்தில் ஒருவன் இருபத்துமூன்று மரங்கள் நட்டான்.

ஆறாம் ஞாயிறு மழை. உள்ளே உட்கார்ந்து, படச்சட்டத்தில் மாட்டிய கண்ணாடித் தாள் வழியாக ஜன்னலுக்கு வெளியே தெரியும் சந்தினை மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே வரைந்தார்கள். தலை கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு பொருந்தாமல் போகும். முகவாயைப் புத்தக அடுக்கின் மேல் வைக்கச் சொன்னேன். இத்தாலியக் கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளாரன்ஸ் ஞானஸ்நான மண்டபத்தை வரைந்த பலகையில் ஒரு துளை போட்டு, அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் மட்டுமே பார்க்கவைத்தது ஏன் என்று அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும். டச்சு ஓவியர் ஹோபெமா 1689இல் வரைந்த மிடெல்ஹார்னிஸ் மரச்சாலைப் படத்தின் அச்சுப்பிரதியையும் காட்டினேன். நெடிய ஒல்லி மரங்கள், நடுவே நேராக ஓடும் சாலை, எதிரே வரும் ஒரு மனிதர். முன்புறத்தில் இருபுறமும் ஒவ்வொரு மரம் வரைந்துவிட்டு ஹோபெமா பிறகு அழித்திருக்கிறார் என்றதும் அழிரப்பர்கள் வெளியே வந்தன.

கடைசி ஞாயிறும் அதற்குப் பின்பும்

ஏழாம் ஞாயிறு அதே பாதை, அதே இடம், அதே அரை மணி நேரம், அதே சொல்: "இந்தப் பாதையை வரையுங்கள்."

எட்டுத் தாள்களில் பாதை தரையில் படுத்துத் தொலைவுக்குப் போனது. மரங்கள் நிமிர்ந்து நின்று, போகப் போக நெருங்கின. அந்த எட்டில் எட்டு வயதுக்காரியின் தாளும் ஒன்று, சற்றுக் கோணலாக. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மட்டும் மீண்டும் ரிப்பன் பாதையே போட்டான். கயிறு, கடற்கரை எல்லாவற்றிலும் உற்சாகமாக இருந்தவன். "எனக்கு இதுதான் பிடிக்கிறது சார்" என்றான். நான் திருத்தவில்லை. முக்கோணக்காரர்கள் இருவரும் பாதையை நன்றாக வரைந்தார்கள், ஆனால் பாதையைப் பார்த்து அல்ல. உட்கார்ந்த பிள்ளையின் கண்மட்டம் தாளில் கீழே இருக்க வேண்டும். இருவருமே புள்ளியைத் தாளின் நட்டநடுவில் வைத்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார்கள். தெரியாததைக் கற்றுத்தருவது எளிது. பாதி தெரிந்ததைப் பிடுங்குவதற்கு ஏழு வாரம் போதவில்லை.

மறுபடி செய்தால் இரண்டாம் ஞாயிற்றை எடுத்துவிடுவேன். கடற்கரையைக் கயிற்றுக்கு முன்னால் வைப்பேன். நீரூற்றைச் சுற்றிப்போகும் வளைந்த பாதைக்கு ஒரு நாள் ஒதுக்குவேன். பாதி வகுப்பு அதைத்தான் வரைய ஆசைப்பட்டது, நான் நேர்ப்பாதையையே பிடித்துக்கொண்டிருந்தேன். வட்டத்தை நீள்வட்டமாகப் பார்க்க ஒரு எவர்சில்வர் தட்டு போதும் என்பது வகுப்பு முடிந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து, இருபத்துமூன்று மரம் நட்ட பையன் ஒரு ஸ்கெட்ச் புத்தகத்தோடு வந்தான். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருக்கிறார்கள். 1848இல் மலைச்சரிவில் அமைத்த தாவரவியல் பூங்கா அது; தட்டையான எங்கள் பூங்காவுக்கு நேர் எதிர். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, மேலே ஏறிப்போகும் ஒரு பாதையை வரைந்திருந்தான். பென்சிலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்துக் கண்மட்டக் கோட்டைக் குறித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் பாதையின் இரண்டு ஓரங்களும் கூடும் இடம் அந்தக் கோட்டில் இல்லை. அதற்கு மேலே, இரண்டு விரல் உயரத்தில் இருந்தது.

"புள்ளி கோட்டில்தானே இருக்க வேண்டும், தம்பி? தப்பாகிவிட்டதே" என்று சிவப்புப் பென்சிலை எடுத்தேன்.

"தப்பில்லை சார். ரெண்டு தடவை அளந்தேன்."

அளந்தது சரிதான். கண்மட்டக் கோட்டில் கூடுவது தட்டையான தரையில் போகும் பாதை. ஏறும் பாதையின் புள்ளி ஏறித்தான் இருக்கும். இருபது ஆண்டு ஆசிரியருக்கு அது தெரியும். ஏழு வாரம் தட்டையான ஊரில் சொன்னதையே சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஏன் மேலே போயிற்று என்று உனக்குத் தோன்றுகிறது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அது மேடு சார். ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியதே."